முதல் டிரையல்ஸ் மோட்டார் சைக்கிளும் முதல் போட்டியும்: பிரித்தானியாவில் தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

மோட்டார் சைக்கிள் விளையாட்டு என்றதும் பெரும்பாலோருக்கு வேகமே நினைவுக்கு வரும். டிரையல்ஸ் போட்டியில் வேகத்துக்கு ஏறக்குறைய மதிப்பே இல்லை. பாறைகள், ஓடைகள், சேறு, வழுக்கும் மரவேர்கள், செங்குத்தான மண்சரிவுகள் ஆகியவற்றின் ஊடாகக் குறிக்கப்பட்ட குறுகிய தடம் ஒன்றைக் காலைத் தரையில் ஊன்றாமல் கடந்து முடிப்பதே போட்டியாளரின் வேலை. அத்தகைய தடத்தைச் செக்‌ஷன் என்பார்கள். சில பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு செக்‌ஷனைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த நேரத்துக்குள் கிளட்ச், த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்), உடல் எடை, பார்வை ஆகிய நான்கும் ஒன்றோடொன்று இசைந்து இயங்க வேண்டும்.

இந்த விளையாட்டு வேரூன்றிய நாடு பிரித்தானியா. 1914இல் தொடங்கிய ஸ்காட் டிரையல் இன்றும் யார்க்‌ஷயரின் மேட்டுநிலங்களில் நடக்கிறது. நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அரிய போட்டி அது. ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் நகரை மையமாகக் கொண்டு மே மாதத்தில் நடக்கும் ஸ்காட்டிஷ் ஆறு நாள் டிரையலுக்கு உலகெங்கிலுமிருந்து போட்டியாளர்கள் வருகிறார்கள். இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக இருப்பவை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதாவதொரு பண்ணையிலோ கைவிடப்பட்ட கல்குவாரியிலோ சிறு கழகங்கள் நடத்தும் போட்டிகள்தாம். புதியவர் தொடங்க வேண்டிய இடம் அதுவே. அங்கு பத்து வயதுச் சிறுமியும் எழுபது வயது ஓய்வூதியரும் ஒரே நாளில், ஒரே நிலத்தில், வெவ்வேறு கடினத் தடங்களில் ஓட்டுவதைக் காணலாம்.

இந்த வழிகாட்டி முழுவதிலும் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: தொடக்கத்தில் புள்ளிகளை இழப்பது ஓட்டுநரின் கண்ணாலும் காலாலும்தானே தவிர, இயந்திரத்தின் வலுக் குறைவால் அல்ல. ஆகவே முதல் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆற்றலைத் தேடாமல், மென்மையான இயக்கத்தையும் நல்ல பராமரிப்பையும் தேட வேண்டும்.

வண்டி வாங்குவதற்கு முன் ஒரு போட்டிக்குச் செல்லுங்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான கழகங்கள் 1903இல் நிறுவப்பட்ட ஆட்டோ-சைக்கிள் யூனியன், அதாவது ஏ.சி.யூ., என்ற அமைப்பின் கீழ் இயங்குகின்றன; ஸ்காட்லாந்துக்கு ஸ்காட்டிஷ் ஆட்டோ-சைக்கிள் யூனியன், அதாவது எஸ்.ஏ.சி.யூ., என்ற தனி அமைப்பு உண்டு. இந்த அமைப்புகளின் நாட்காட்டியைப் பார்த்து உங்களுக்கு அருகிலுள்ள கழகத்தைக் கண்டறிந்து, அடுத்த போட்டிக்குக் கண்காணிப்பாளராக வர விரும்புவதாகச் செயலாளருக்கு எழுதுங்கள். ஒவ்வொரு செக்‌ஷனிலும் நின்று புள்ளியிடும் கண்காணிப்பாளர்கள் எந்தக் கழகத்துக்கும் போதுமான அளவில் கிடைப்பதில்லை. எனவே உங்கள் கடிதம் மகிழ்ச்சியுடன் வரவேற்கப்படும். வழக்கமாக அனுபவமுள்ள ஒருவருடன் சேர்த்து நிறுத்துவார்கள்.

ஒரே செக்‌ஷனில் நாள் முழுதும் நின்று, ஒரே பாறையை நாற்பது ஐம்பது பேர் எப்படி அணுகுகிறார்கள் என்று பார்ப்பதைவிடச் சிறந்த முதற்பாடம் வேறில்லை. நன்றாக ஓட்டுபவர் பாறையை நெருங்கும் முன்பே தம் பார்வையை அதற்கு அப்பால் செலுத்திவிடுவதையும், தடுமாறுபவர் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதையும் அங்கேயே கண்டுகொள்ளலாம். எந்தெந்த வண்டிகளை அந்த வட்டாரத்தில் அதிகம் ஓட்டுகிறார்கள், எவருக்கு எந்தக் கடையில் உதிரிபாகம் கிடைக்கிறது என்பதும் அன்றே தெரிந்துவிடும்.

புள்ளிமுறை எளியது. இவை அனைத்தும் அபராதப் புள்ளிகள். குறைவாகப் பெற்றவரே வெற்றியாளர். காலூன்றாமல் கடந்தால் 0. இதைக் கிளீன் என்பார்கள். ஒரு முறை காலூன்றினால் 1, இரண்டு முறை என்றால் 2, மூன்றோ அதற்கு மேலோ எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ, வண்டி பின்னோக்கி உருண்டாலோ, எல்லைக் குறிக்கு வெளியே சென்றாலோ 5. கையால் மரத்தைப் பிடித்தாலும் பாறையில் தோளைச் சாய்த்தாலும் அது காலூன்றியதாகவே கொள்ளப்படும். முன்சக்கர அச்சு தொடக்க அட்டையைக் கடக்கும் கணத்தில் செக்‌ஷன் தொடங்கி, அதே அச்சு முடிவு அட்டையைக் கடக்கும்போது முடிகிறது. இருவர் சமநிலையில் இருந்தால் அதிகக் கிளீன் பெற்றவர் முன்னிற்பார். வண்டி நின்றாலே 5 தரும் ‘நிற்காத’ விதி ஒன்றும், நிற்பதை அனுமதிக்கும் விதி ஒன்றும் வழக்கில் உள்ளன. எந்த விதியின்படி அன்றைய போட்டி நடக்கிறது என்பது ஒழுங்குமுறைத் தாளில் இருக்கும். புதியவருக்கு நிற்காத விதியே நல்லது என்பது என் கருத்து. ஓடிக்கொண்டே இருக்கும் சக்கரம்தான் சமநிலையைக் கற்றுத் தருகிறது. நின்று, துள்ளி, திருப்பிவைக்கும் வித்தை பின்னர் வர வேண்டியது.

எந்த வகை, எந்த அளவு

இன்றைய டிரையல்ஸ் வண்டி ஏறத்தாழ 65 முதல் 75 கிலோ எடை கொண்டது. அமர்வதற்கு இருக்கை என்று சொல்லத்தக்க ஒன்று கிடையாது. நாள் முழுதும் நின்றே ஓட்ட வேண்டும். பெட்ரோல் கலம் இரண்டு மூன்று லிட்டர்தான் கொள்ளும். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18 அங்குலம். கீழ் கியர்கள் நெருக்கமாகவும், செக்‌ஷன்களுக்கு இடையே பயணிப்பதற்கான மேல் கியர் நல்ல இடைவெளியிலும் அமைந்திருக்கும். இதனால்தான் வேகப் பந்தயத்துக்கான மோட்டோகிராஸ் அல்லது நெடுந்தொலைவு ஓட்டத்துக்கான எண்டூரோ வண்டியைக் கொண்டு டிரையல்ஸ் பழகலாம் என்ற எண்ணம் கைகூடுவதில்லை; அவற்றின் எடையும் கியர் அமைப்பும் ஹேண்டில்பார் திரும்பும் கோணமும் வேறு நோக்கத்துக்கானவை.

இத்தாலியின் பீட்டா, ஸ்பெயினின் காஸ் காஸ், மொன்டேசா, டி.ஆர்.ஆர்.எஸ்., வெர்டிகோ, பிரான்சின் ஷெர்கோ, ஸ்கோர்பா ஆகியவை சந்தையில் அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள். இவற்றில் டி.ஆர்.ஆர்.எஸ்., ஏழு முறை உலகச் சாம்பியனான ஹோர்டி தாரெஸின் முயற்சியில் உருவானது. ஹோண்டாவின் குடும்பத்தைச் சேர்ந்த மொன்டேசாவின் கோட்டா 4ஆர்டி, ஃபோர்-ஸ்ட்ரோக் வகையில் புகழ்பெற்றது. 2007 தொடங்கி உலகப் பட்டங்களைத் தொடர்ந்து குவித்துவரும் டோனி பௌ ஓட்டுவதும் மொன்டேசாவே. ஆனால் சாம்பியனின் வண்டி எது என்பது புதியவரின் தேர்வுக்கு உதவும் செய்தி அல்ல. அருகில் உதிரிபாகம் விற்கும் கடையும், அதே வண்டியை ஓட்டும் கழக நண்பரும் இருக்கும் பெயரே சிறந்த பெயர்.

இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்தவரை, வளர்ந்தவர் ஒருவருக்கு 250 சிசி டூ-ஸ்ட்ரோக் பாதுகாப்பான நடுவழி. எடை குறைந்தவர்களுக்கும் நடுத்தர வயதில் தொடங்குவோருக்கும் 200 சிசி இன்னும் பொருத்தமானது. பீட்டா ஈவோ 200 போன்றவை மென்மையாக வலுவைத் தருவதால் நீண்ட நாளின் முடிவிலும் கைகள் சோர்வதில்லை. 125 சிசி என்றால் எளிது என்று நினைப்பது இயல்பே, ஆனால் அதன் வலு உயர்ந்த சுழற்சியில்தான் பிறக்கிறது. ஏற்றத்தில் அதை உயிருடன் வைத்திருக்கக் கிளட்சையும் த்ராட்டிலையும் திறமையாகக் கையாளத் தெரிய வேண்டும். அது எடை குறைந்த இளைஞர்களுக்கு உகந்த வண்டி. 300 சிசி வண்டியோ சிறு கைத்தவறையும் பெரிய பாய்ச்சலாக மாற்றிவிடக்கூடியது. உயரமும் உடல் எடையும் மிகுந்தவர், மெதுவான த்ராட்டிலும் இயந்திரச் சுழற்சியைச் சீராக்கும் கனமான ஃப்ளைவீல் வளையமும் பொருத்திக்கொண்டால் அதைச் சமாளிக்கலாம்; மற்றவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது.

டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா என்ற கேள்விக்கு, முதல் வண்டிக்கு டூ-ஸ்ட்ரோக் என்பதே என் விடை. எடை குறைவு, பழுதுபார்க்கும் செலவு குறைவு, பிஸ்டனையும் வளையத்தையும் வீட்டிலேயே மாற்றிவிடலாம். ஃபோர்-ஸ்ட்ரோக்குக்குப் பிடிமானம் சிறப்பாக இருக்கும், ஆனால் த்ராட்டிலை மூடியவுடன் இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும் தன்மைக்குப் பழகக் காலமாகும். குழந்தைகளுக்கு ஓசெட் போன்ற சிறு மின்வண்டிகள் அருமையான தொடக்கம். பெரியவர்களுக்கான மின்வண்டிகளும் வந்துவிட்டன.

பழைய வண்டிகளுக்கு என்றே ஒரு தனி உலகம் உண்டு. 1965இல் டிரையல்ஸ் வீரர் சாமி மில்லர் ஸ்பெயினின் பல்டாகோ வண்டியில் ஸ்காட்டிஷ் ஆறு நாள் டிரையலை வென்றபோது கனமான பிரித்தானிய ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. அக்காலத்திலும் அதன்பின்னும் வந்த பல்டாகோ ஷெர்பா, மொன்டேசா கோட்டா, யமஹா டிஒய்175 போன்ற இரட்டை ஷாக் அப்சார்பர் வண்டிகளுக்கு இன்று ட்வின்ஷாக் என்ற தனிப் பிரிவு இருக்கிறது. அவற்றின் அழகு என்னைக் கவர்கிறது. ஆயினும் டிரம் பிரேக்கையும் தேய்ந்த பாகங்களையும் சமாளித்துக்கொண்டே சமநிலையையும் கற்பது இரட்டைச் சுமை. இயந்திர வேலையில் உண்மையான ஆர்வம் உள்ளவர் மட்டும் அங்கே தொடங்கலாம்.

பழைய வண்டியைச் சோதிக்கும் முறை

புதிய வண்டி 5,000 பவுண்டுக்கு மேல் ஆகும். முதல் ஆண்டில் அது பலமுறை கீழே விழப்போகிறது. ஆகவே ஐந்து முதல் பத்து ஆண்டுப் பழமையான, ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட வண்டியே பெரும்பாலோருக்கு ஏற்றது. சிறந்த வண்டிகள் கழக உறுப்பினர்களுக்கு இடையிலேயே கைமாறிவிடும் என்பதால், கண்காணிப்பாளராகச் சென்ற அறிமுகம் இங்கே கைகொடுக்கும்.

பார்க்கச் செல்லும் முன், இயந்திரத்தைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். சென்றவுடன் இயந்திரத்தைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். நல்ல வண்டி குளிர்ந்த நிலையில் சில உதைகளில் கிளம்பிவிடும். கிக் லீவர் வழுக்கினாலோ கரகரத்தாலோ உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்ய இயந்திர உறையைத் திறக்க நேரிடும். கிளம்பிய பின் அப்படியே ஓடவிட்டு ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலத் தொடங்குகிறதா என்று காத்திருந்து பாருங்கள். மெதுவான வேகத்தில் இயங்கும் இந்த வண்டிகளுக்கு விசிறிதான் உயிர். சுழலாத விசிறியோடு ஒரு பிற்பகல் ஓட்டினால் இயந்திரம் கெட்டுவிடும்.

அடுத்தது கிளட்ச். டிரையல்ஸில் ஒரே விரலால் ஆயிரம் முறை இழுத்து விடப்படும் பாகம் அது. சூடான இயந்திரத்தில் முதல் கியரைப் போட்டு, கிளட்சை முழுதும் இழுத்துப் பிடித்தால் வண்டி முன்னோக்கி நகரக் கூடாது. குளிர்ந்த நிலையில் தட்டுகள் சற்று ஒட்டிக்கொள்வது சில வண்டிகளில் வழக்கமே. பீட்டா உரிமையாளர்கள் அதை நன்கு அறிவார்கள். சூடான பின்னும் வண்டி முன்னோக்கி இழுத்தால்தான் கவலைப்பட வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெய் பால்நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். வண்டி ஓடையில் மூழ்கியிருக்கலாம், அல்லது தண்ணீர்ப் பம்பின் சீல் போயிருக்கலாம்.

வண்டியின் அடிப்பகுதியைப் படுத்துப் பாருங்கள். இயந்திரத்தைக் காக்கும் அடித்தட்டில் கீறலும் சிறு பள்ளங்களும் இருப்பது இயல்பு. அது ஆழமாக உட்குழிந்து இயந்திர உறையைத் தொடும் அளவுக்குப் போயிருந்தாலோ, தட்டு பொருத்தப்படும் இடங்களில் வண்டியின் சட்டகம் (ஃப்ரேம்) விரிசல் கண்டிருந்தாலோ வேறு வண்டியைத் தேடுங்கள். ஃபுட்ரெஸ்ட் பொருத்தும் இடத்தையும் ஸ்டியரிங் தலைப்பகுதியையும் வெளிச்சம் அடித்து ஆராயுங்கள். புதிதாக அடித்த பெயிண்ட் இங்கே ஐயத்துக்குரியது. முன்பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஸ்டியரிங் பேரிங்கின் நிலை தெரியும். வண்டியை ஒரு பெட்டியின் மேல் நிறுத்தி, பின்சக்கரத்தை மேலும் கீழுமாக அசைத்தால் அதைத் தாங்கும் ஸ்விங்ஆர்முக்கும் ஷாக் இணைப்புகளுக்கும் உள்ள தளர்ச்சி தெரியும். இந்த இணைப்புகளுக்கு மசகு இடுவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இங்கே தளர்ச்சி இல்லாத பழைய வண்டியைக் கண்டால், அதன் உரிமையாளர் மற்ற எல்லாவற்றையும் கவனித்திருப்பார் என்று ஏறக்குறைய நம்பலாம்.

சக்கர விளிம்பில் பள்ளங்கள் உள்ளனவா என்றும் பாருங்கள். பின் டயர் பொதுவாகக் குழாய் இல்லாதது, மிகக் குறைந்த அழுத்தத்தில் இயங்குவது. விளிம்பு நசுங்கினால் காற்று நிற்காது. புதிய டயருக்கும் செயின், ஸ்ப்ராக்கெட்டுக்கும் ஆகும் தொகையைக் கணக்கிட்டு விலையைப் பேசுங்கள்.

கடைசியாகச் சட்டகத்தில் (ஃப்ரேமில்) உள்ள எண்ணை விற்பனை ரசீதுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். சாலைக்குப் பதிவுசெய்யப்படாத வண்டிகளைத் திருடர்கள் விரும்புவார்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பிவிடுங்கள். வண்டியை வாங்கிய கையோடு, பெட்ரோலில் எண்ணெய் கலக்கும் விகிதத்தையும் எந்தக் கியர் எண்ணெய் ஊற்றப்பட்டது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

உடையும் வண்டியின் அமைப்பும்

முகம் திறந்த, எடை குறைந்த டிரையல்ஸ் ஹெல்மெட், மெல்லிய கையுறை, முழங்கால் காப்பு ஆகியவை போதும். பணத்தை மிச்சப்படுத்தக் கூடாத ஒன்று பூட்ஸ். மோட்டோகிராஸ் பூட்ஸின் விறைப்பில் கணுக்கால் மடங்காது. டிரையல்ஸ் பூட்ஸ் மென்மையானது, நீர்புகாதது, நடந்து செக்‌ஷனைப் பார்க்க வசதியானது.

டயர் காற்றழுத்தத்தில் தொடங்குங்கள்: பின்னால் 4 முதல் 5 பி.எஸ்.ஐ., முன்னால் 6 முதல் 7. சாதாரண அளவி இந்த வரம்பில் சரியாகக் காட்டாது என்பதால், குறைந்த அழுத்தத்துக்கென்றே உள்ள அளவியை வாங்குங்கள். கிளட்ச், பிரேக் லீவர்களை உள்ளே தள்ளிப் பொருத்தி, ஒரே விரலால் அவற்றின் நுனியை எட்டும்படி அமைக்க வேண்டும். லீவர் இறுக்கிகளைச் சற்றே தளர்வாக விட்டால், விழும்போது லீவர் உடையாமல் திரும்பிக்கொள்ளும். வண்டியிலிருந்து விழுந்தவுடன் இயந்திரத்தை அணைக்கும் மணிக்கட்டுக் கயிறு கட்டாயமானது. பயிற்சியிலும் அதை மாட்டிக்கொள்ளுங்கள்.

எங்கே, எப்படிப் பழகுவது

பொது நடைபாதையிலும் பொதுநிலத்திலும் அனுமதியின்றி ஓட்டக் கூடாது. 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதைத் தடைசெய்கிறது. பிறருக்குத் தொல்லை தரும்படி அவ்வாறு ஓட்டப்படும் வண்டியைப் பறிமுதல் செய்ய 2002ஆம் ஆண்டின் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவு காவலருக்கு அதிகாரம் தருகிறது. நில உரிமையாளர்களின் நல்லெண்ணத்தால்தான் இந்த விளையாட்டே உயிர்வாழ்கிறது என்பதால், ஒருவரின் அத்துமீறல் ஒரு கழகம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய நிலத்தையே இழக்கச் செய்யலாம். கழகங்களின் பயிற்சி நாட்களையும் கட்டணப் பயிற்சித் தளங்களையும் பயன்படுத்துங்கள். வண்டியை வாடகைக்குத் தந்து ஒருநாள் வகுப்பு நடத்தும் பயிற்சிப் பள்ளிகளும் உண்டு; வண்டி வாங்கும் முன்பே அங்கு ஒரு நாள் செலவிட்டால், இந்த விளையாட்டு உங்களுக்கு ஏற்றதா என்பது தெளிவாகும்.

முதல் மாதம் தடைகளைத் தேட வேண்டாம். தட்டையான புல்வெளியில், நின்றபடி, முதல் கியரில், ஹேண்டில்பாரை முழுதும் திருப்பி வட்டமும் எட்டும் போடுங்கள். வண்டி உள்பக்கம் சாய வேண்டும், உங்கள் உடல் வெளிப்பக்கம் நிற்க வேண்டும், வெளிப்புறக் கால் ஃபுட்ரெஸ்டை அழுத்த வேண்டும். முழங்கால்களைச் சற்று மடக்கி, வண்டி உங்களுக்குக் கீழே தன்போக்கில் அசைய இடம் கொடுங்கள். ஹேண்டில்பாரில் தொங்குபவரின் கை அரை மணி நேரத்தில் வலிக்கும். காலால் ஓட்டுபவருக்கு வலிக்காது. இது இயல்பான பின், அதே வட்டத்தைச் சாய்ந்த நிலத்தில் போடுங்கள். சாய்வில் மேல்நோக்கித் திரும்புவதும், ஈரப் புல்லில் கீழ்நோக்கித் திரும்புவதும் கழகப் போட்டிகளில் பாறைகளைவிட அதிகப் புள்ளிகளைப் பறிக்கின்றன.

அதன் பிறகு ஏற்றம். வேகத்தை அடிவாரத்திலேயே பெற்றுவிட வேண்டும்; பாதி வழியில் த்ராட்டிலைத் திறந்தால் பின்சக்கரம் பிடிமானமின்றிச் சுழலும். இறக்கத்தில் உடலைப் பின்னுக்குக் கொண்டுசென்று, முன்பிரேக்கை ஒரு விரலால் இதமாகப் பிடிக்கப் பழகுங்கள். சிறு மரத்துண்டு ஒன்றைக் கடப்பதை இறுதியில் வைத்துக்கொள்ளலாம். இவற்றைச் செய்ய முடிந்தால் எளிய தடத்தில் போட்டியிடத் தகுதி வந்துவிட்டது. மேலும் ‘தயாராகக்’ காத்திருப்பதில் பயனில்லை.

முதல் போட்டி நாள்

கழக உறுப்புரிமையும், கழகம் சார்ந்துள்ள அமைப்பின் பதிவும் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். ஒழுங்குமுறைத் தாளில் கடின அளவின்படி பிரிக்கப்பட்ட தடங்களின் பட்டியல் இருக்கும். மிக எளிய தடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதைக் குழந்தைகளுக்கானது என்று எண்ணி ஒரு படி மேலே பதிபவர்கள் நாள் முழுதும் ஐந்துகளைச் சேர்த்துக்கொண்டு, எதையும் கற்காமல் வீடு திரும்புகிறார்கள்.

காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்று, கையெழுத்திட்டு, எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். முதல் முறை என்று மேசையில் இருப்பவரிடம் சொல்லிவிட்டால், அனுபவமுள்ள ஒருவரோடு உங்களைச் சேர்த்து அனுப்புவார்கள். வழக்கமான கழகப் போட்டியில் பத்துச் செக்‌ஷன்கள் இருக்கும்; அவற்றை நான்கு சுற்று ஓட்டினால் மொத்தம் நாற்பது.

ஒவ்வொரு செக்‌ஷனையும் முதலில் நடந்து பாருங்கள். சிவப்புக் குறி வலப்புறமும் நீலக் குறி இடப்புறமும் இருக்க அவற்றுக்கு நடுவே செல்ல வேண்டும். அதோடு உங்கள் தடத்தின் நிற அம்புகளையும் பின்பற்ற வேண்டும். எங்கே திரும்புவது, எந்தக் கல்லைத் தவிர்ப்பது, எங்கே த்ராட்டிலைத் திறப்பது என்று முடிவு அட்டைவரை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். பலரும் கடினமான இடத்தோடு பார்ப்பதை நிறுத்திவிட்டு, அதைத் தாண்டிய மகிழ்ச்சியில் கடைசி எளிய திருப்பத்தில் காலூன்றுகிறார்கள். முன்னால் செல்பவர்களின் சக்கரத்தடம் எப்போதும் சரியான வழியல்ல. ஈரமான நாளில் மூன்றாம் சுற்றுக்குள் அது வழவழப்பாகிவிடும், அரை அடி தள்ளிச் சென்றால் பிடிமானம் கிடைக்கும்.

கண்காணிப்பாளர் சைகை காட்டிய பின்னரே செக்‌ஷனுக்குள் நுழையுங்கள். நிலை தவறப்போகிறது என்று தோன்றினால் தயங்காமல் காலை ஊன்றுங்கள்; 1 புள்ளியைக் காக்கப் போய் 5 வாங்குவது புதியவரின் முதன்மையான இழப்பு. அதைப் போலவே, மூன்று முறை ஊன்றிய பின் எத்தனை முறை ஊன்றினாலும் 3 தான் என்பதால், காலால் தள்ளியாவது வெளியே வந்துவிடுங்கள். கொடுத்த புள்ளியைப் பற்றிக் கண்காணிப்பாளருடன் வாதிடாதீர்கள். மழையில் நாள் முழுதும் உங்களுக்காக நிற்பவர் அவர். போட்டி முடிந்தபின் ஒவ்வொரு செக்‌ஷனிலும் எத்தனை புள்ளி போயிற்று என்று பாருங்கள். ஒரே செக்‌ஷனில் நான்கு சுற்றும் போயிருந்தால் அது உத்திக் குறை. நான்காம் சுற்றில் மட்டும் எல்லாம் போயிருந்தால் அது உடல் சோர்வு. அடுத்த பயிற்சி எதில் என்பதை இது சொல்லிவிடும்.

வீடு திரும்பிய அன்றே வண்டியைக் கழுவுங்கள். உயரழுத்த நீரைப் பேரிங்குகளின் மீதும் காற்று வடிகட்டியின் வாயிலிலும் பாய்ச்சாதீர்கள். வடிகட்டியைக் கழற்றித் துவைத்து, காய்ந்தபின் அதற்குரிய எண்ணெயைத் தடவிப் பொருத்துங்கள். செயினுக்கு எண்ணெயிட்டு, ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, போல்ட்டுகளை இறுக்குங்கள். சில போட்டிகளுக்கு ஒரு முறை கியர் எண்ணெயை மாற்றுவதும், ஆண்டுக்கு ஒரு முறை பின்புற இணைப்புகளைக் கழற்றி மசகிடுவதும் வழக்கமாகிவிட்டால், இந்த வண்டியை விற்கும் நாளில் அதைச் சோதிக்க வருபவரிடம் தயக்கமின்றிக் கிக் லீவரை ஒப்படைக்கலாம்.